டெல்பின் திருப்பிப் போட்ட வீடு

டெல்பினுக்கு ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு ஸ்கூட்டி, ஒரு போன், கைப்பிடி அறுந்து தைத்த ஒரு பை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு திருச்சி முழுக்க வீடு விற்றுக் கொடுக்கிறாள். அவள் புருஷன் சவரிராயன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். வீட்டில் பேச இடம் கிடைக்காததால் வேனில் பிள்ளைகளோடு பேசித் தீர்த்துக்கொள்வார்.

புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குத் தங்க அறை பிடித்துக் கொடுப்பதில்தான் அவள் தொழில் தொடங்கியது. ஆபரேஷன் ஆனவர் படி ஏறக் கூடாதே என்று கீழ் வீடாகத் தேடி அலைவாள். குணமாகி ஊர் திரும்பியவர்கள் முசிறியிலும் லால்குடியிலும் அவள் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம்பரோடு ஒரு சொல்லும் போனது. "டெல்பின் சொன்னா அப்படியே இருக்கும்." அந்தச் சொல்தான் அவளுக்குச் சோறு போட்டது. வீட்டைக் காட்ட அழைத்துப் போகும்போதே, "தண்ணி கொஞ்சம் உப்புங்க. பின்னாடி வீட்டு நாய் ராத்திரி தூங்காது, உங்களையும் தூங்க விடாது," என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

எங்கள் கே.கே. நகர் வீட்டை விற்க நான் அவளைத்தான் கூப்பிட்டேன். ரெண்டு பேருக்கு எதற்கு இத்தனை அறை? கூட்டிக் கூட்டி என் இடுப்பு போனதுதான் மிச்சம். ஸ்ரீரங்கத்தில் லிப்ட் வைத்த ஒரு ப்ளாட்டாகப் பார்த்துப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் சுவரையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். தூசி கையில் ஒட்டியதும் விட்டுவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் ப்ளாட் பார்க்கப் போன முதல் நாளை மறக்க முடியாது. வேறு ஒரு புரோக்கர் படம் அனுப்பியிருந்தார். பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி, அதன் மேல் ஒரு காபி டம்ளர், எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ராஜகோபுரம். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேரில் போய் பால்கனிக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு பாத்ரூம் சுவர். அதில் ஒரு பைப் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கோபுரம் எங்கங்க?" என்று கேட்டேன்.

"மொட்டை மாடிக்குப் போனா தெரியும் மேடம்."

போனோம். அங்கேயும் தெரியவில்லை. "அந்தத் தண்ணி டேங்க் மேல ஏறினா நல்லாத் தெரியும்," என்றார்.

துணைக்கு வந்த டெல்பின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் சார், தினமும் காலையில இந்த அக்கா டேங்க் மேல ஏறித்தான் சாமி கும்பிடணுமா? படத்துல கோபுரத்தை ஒட்டத் தெரிஞ்ச உங்களுக்கு அந்த ஒழுகுற பைப்பை ஒட்டத் தெரியலையா?"

அந்த ஆள் விறுவிறுவென்று படி இறங்கிப் போனார். ஆட்டோவில் திரும்பும்போது காவிரிப் பாலம் முடியும்வரை நாங்கள் சிரித்தோம். பிறகு அவளே கோபுரமும் தெரியாத, பைப்பும் ஒழுகாத ஒரு ப்ளாட்டைக் காட்டினாள். பிடித்துப் போயிற்று. கே.கே. நகர் வீடு விலை போனால் அங்கே போய்விட வேண்டியதுதான்.

போகத்தான் இல்லை. காரணம் என் சமையலறை.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசல். உள்ளே நுழைந்தால் வலது கைப் பக்கம் தெருவைப் பார்த்த ஜன்னலோடு சமையலறை. அதாவது வடகிழக்கு மூலை, ஈசானியம். வீடு கட்டும்போது போர்வெல் அந்தப் பக்கம் விழுந்தது, பைப் இழுக்கச் சுலபம் என்று அடுப்பையும் அங்கேயே வைத்துவிட்டோம். இத்தனை வருஷம் அதில் சமைத்துச் சாப்பிட்டுத் தெம்பாகத்தான் இருக்கிறோம். ஆனால் வாங்க வருகிறவர்கள் கையில் திசை காட்டுகிற போனோடு வந்தார்கள். சமையலறை வாசலில் நின்று போனைத் திருப்புவார்கள். "ஈசானியத்துல நெருப்பா," என்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் டீ வைப்பதை நிறுத்தினேன். அப்போதும் யாரும் வாங்கவில்லை. பிறகு படத்தைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

டெல்பினுக்குப் பைத்தியம் பிடித்ததும் அந்தச் சமயத்தில்தான். போனில் படத்தைத் திருத்துகிற ஒரு ஆப் அவளுக்குக் கிடைத்தது. விரலால் தேய்த்தால் வேண்டாதது மறைந்துவிடும். முதலில் அவள் அழித்தது ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்த மாட்டை. பிறகு கேபிள் வயர். பிறகு மழை நாளில் எடுத்த படத்துக்கு நீல வானம். என் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள், சின்னப் பிள்ளை ரேங்க் கார்டு காட்டுகிற மாதிரி.

ஒரு நாள் புத்தூர் வீடு ஒன்றைக் காட்டினாள்.

"இதுக்கு எதுத்தாப்ல டிரான்ஸ்பார்மர் இருக்குமே," என்றேன்.

"எடுத்துட்டேன்கா. எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

"நீ எடுத்துட்ட. ஈபிகாரன் எடுத்தானா?"

"கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோ குடுக்கறப்ப ஸ்டுடியோல பருவை எடுக்கறாங்கல்ல? அந்த மாதிரிதான்."

"பரு ரெண்டு வாரத்துல தானா போயிடும். டிரான்ஸ்பார்மர் போகுமா? இங்க பாரு, கொடியில துணி கெடக்கா, அழிச்சுக்க. ஆளு வர்றப்ப நான் எடுத்து மடிச்சு வச்சிடுவேன். மாட்டையும் ஓட்டி விடலாம். கையால எடுக்க முடியாததை விரலால எடுக்காத."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் டிரான்ஸ்பார்மரைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதோடு புத்தி வந்தது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"அக்கா, முசிறிலேருந்து பார்ட்டி கெளம்பிட்டாங்க. வாழைத்தோப்பு வச்சிருக்கவங்க. பேரு மதுரைவீரன். படத்தைப் பார்த்துட்டு வீட்டம்மாவுக்கும் அவருக்கும் ரொம்பப் புடிச்சுப் போச்சு. சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு, அட்வான்ஸ் தட்டோட வர்றாங்க. பேசி முடிச்சுட்டுத்தான் போவாங்களாம்."

"வாஸ்து பாக்கற ஆளா?"

"வாஸ்து பாக்காம செருப்பு கூட வாங்க மாட்டாராம்."

"அப்புறம் எப்படிடி புடிச்சுது? எங்க, அந்தப் படத்தைக் காட்டு."

போனை நீட்டினாள். வெளியிலிருந்து எடுத்த முன்பக்கப் படம். வீட்டுக்காரி வாசலில் நிற்க வேண்டும் என்பது டெல்பினின் வழக்கம், ஆள் நின்றால்தான் வீட்டின் மேல் நம்பிக்கை வருமாம். ஆகவே கேட்டைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். வீடு என்னவோ என் வீடு மாதிரிதான் இருந்தது. ஆனால் கண்ணுக்குள் ஏதோ உறுத்தியது. வேப்பமரம் அந்தப் பக்கம் நின்றது. சமையலறை ஜன்னல், புகை பட்டுக் கறுத்த அதே ஜன்னல், இடது பக்கம் இருந்தது.

"ஏன்டி, என் அடுப்படி எப்ப அந்தப் பக்கம் நடந்து போச்சு?"

"திருப்பிப் போட்டுட்டேன்கா. கண்ணாடில தெரியற மாதிரி. ஒரே ஒரு பட்டன். இப்ப பாருங்க, தென்கிழக்கு, அக்னி மூலை. கதவு நம்பரும் திரும்பித் தெரிஞ்சுச்சு, அதை மட்டும் அழிச்சிட்டேன்."

என்ன பெருமை அந்த முகத்தில். சர்ச்சுக்குப் போகிற பொம்பளைக்கு எட்டு திக்கும் மனப்பாடம்.

"அப்ப வந்து பாக்கறப்ப?"

"வந்துட்டா வீடு புடிச்சுப் போயிடும்கா. வர வைக்கணுமே. படத்தைப் பார்த்தே கழிச்சு விடறாங்க. நல்ல வீடு, நல்ல காத்து. உள்ள கால் வச்சா போதும்."

"கோபுரத்தை ஒட்டினவன் கூட அதைத்தான் சொன்னான். வந்து பாருங்க மேடம்னு. நீ அவனை என்ன கேட்ட?"

முக்காட்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அவனுக்கு ஆபீஸ் இருக்கு, ஏசி இருக்கு," என்றேன். "உன்கிட்ட என்ன இருக்கு? டெல்பின் சொன்னா அப்படியே இருக்கும்னு ஒரு பேச்சு இருக்கு. முசிறிக்காரன் இன்னிக்கு வந்து ஏமாந்து போனா, நாளைக்குக் காலையில அந்தப் பேச்சு முசிறி பஸ் ஸ்டாண்டுல இருக்காது. அப்புறம் லால்குடி. அப்புறம் உனக்கு எவன் கேட்டைத் திறப்பான்?"

போனை எடுத்து மதுரைவீரனுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் வருகிற வேனில் பாட்டு ஓடியிருக்கும். திரும்ப அடித்தாள். பிறகு அடுப்படிக்குள் போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். அவளுக்குக் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"உங்க வீடு விக்கணும்னுதான்கா செஞ்சேன்."

"வீடு நின்னா நிக்கட்டும். அது எங்கயும் ஓடாது. அவங்க வந்தா என்ன பண்ணப் போற?"

"சொல்லிடறேன். காலைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடி."

வேன் வந்து நின்றது. முன் சீட்டில் மதுரைவீரன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை விபூதி. பக்கத்தில் அவர் மனைவி ராக்கம்மாள், மடியில் மஞ்சள் துணி மூடிய தட்டு. பின்னால் நாலைந்து உறவுக்காரர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு பூவன் வாழைத்தார். கதவைத் திறக்கப் போனவரை டெல்பின் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணே, எறங்காதீங்க. ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேட்டுட்டு எறங்கறதா திரும்பிப் போறதான்னு பாத்துக்கங்க. நான் அனுப்பின படம் நெசமில்லை. திருப்பிப் போட்டுட்டேன். இந்த வீட்டுல கிச்சன் ஈசானியத்துல இருக்கு. வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது, நான்தான் பண்ணினேன். தப்புதான்."

மதுரைவீரன் அவளைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார். அவர் மீசை ஒரு பக்கமாக ஏறியது.

"ஏம்மா, வெளையாடறியா? நல்ல நேரம் பாத்து, டீசல் போட்டு, சம்பந்தி வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன். டெல்பின் சொன்னா சரியா இருக்கும்னு ஊர்ல அத்தனை பேரும் சொன்னாங்க. இதுதான் உன் சரியா? ஊருக்குப் போய்ச் சொல்றேன், பாரு."

"சொல்லுங்கண்ணே. செஞ்சதைத்தானே சொல்லப் போறீங்க."

அப்போது ராக்கம்மாள் சிரித்தாள். மூடி வைத்த வாய்க்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தட்டு மேலிருந்த துணி சரிந்தது.

"நீ ஏன்டி சிரிக்கிற?"

"எனக்குத்தான் படம் வந்த அன்னிக்கே தெரியுமே."

"என்ன தெரியும்?"

"இந்தம்மா வாசல்ல நிக்கறாங்கள்ல," என்று என்னைக் காட்டினாள், "படத்துல அவங்க முந்தானை வலது தோள்ல கெடக்கு. எந்தப் பொம்பள அப்படிப் போடுவா? மொதல்ல வடக்கத்திக்காரங்களோன்னு நெனச்சேன். மூஞ்சியப் பார்த்தா அப்படித் தெரியல. சரி, படத்தைத்தான் திருப்பியிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். வாஸ்தவம். நாள் தவறாமல் புடவை கட்டுகிற நானும் அதைக் கவனிக்கவில்லை, நம்பரை அழித்த டெல்பினும் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?" என்றார் மதுரைவீரன்.

"சொன்னா நீங்க வேன்ல ஏறியிருப்பீங்களா? பொண்ணு இங்க ஆஸ்டல்ல தயிர் சாதத்தைப் பாத்து அழுவுறா. பக்கத்துல ஒரு வீடு வாங்குங்கன்னு சொன்னா, ஒரு வீட்டுக்கு வாசக்கால் சரியில்லைங்கறீங்க, ஒரு வீட்டுக்குக் கெணறு சரியில்லைங்கறீங்க. இப்படியே பாத்தா அவ படிப்பு முடிஞ்சு பேரன் பொறந்துருவான். எப்படியாவது ஒரு வீட்டு வாசல் வரைக்குமாச்சும் உங்களை இழுத்துட்டு வரணும்னுதான் கம்முனு இருந்தேன்."

வேனின் பின்பக்கம் ஒரே சிரிப்பு. சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் வாழைத்தாரில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஈசானியத்துல அடுப்பு வச்ச வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்," என்று மதுரைவீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வைக்காதீங்க. தாகமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு அவள் இறங்கினாள்.

தண்ணீர் குடிக்க வந்தவள் வீடு முழுக்க நடந்தாள். குழாயைத் திறந்து மூடினாள், அலமாரிக் கதவை ஆட்டிப் பார்த்தாள். வாசலுக்கு இடது பக்கம் சமையலறைக்கு ஜோடியாக அதே அளவில் ஒரு அறை உண்டு. கிரைண்டர் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே போய் நின்றுகொண்டாள்.

"இங்க தண்ணி வருதுங்களா?"

"வருது. மாவாட்டற எடமாச்சே."

"கழுவுற தண்ணி?"

"அதுக்கும் வழி இருக்கு. பின்பக்கமாப் போகுது."

ஜன்னலைப் பார்த்தாள், போனில் படத்தைப் பார்த்தாள். "நான் மனசுல அடுப்பை எப்பவோ இங்க வச்சுட்டேன்மா," என்றாள். "படத்தைப் பாக்கறப்பல்லாம் இந்த ஜன்னல்தான் என் அடுப்படின்னு தோணும். இங்க மாத்திக்கிட்டா எங்க வீட்டுக்காரர் சொல்ற குத்தமும் போச்சு, அந்தம்மா போட்ட படமும் நெசமாச்சு. அந்தப் பழைய அடுப்படியைச் சாமி ரூமாக்கிடலாம்."

நான் அவளையே பார்த்தேன். மாசக்கணக்காக ஈசானியம் ஈசானியம் என்று கேட்டுக் கேட்டுக் கரித்துக் கொட்டினேனே தவிர, அடுப்பை நகர்த்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் மாவாட்டுகிற அறை.

வெயில் ஏறியது. பின் சீட்டு ஆட்கள் வேப்பமர நிழலுக்கு இறங்கிவிட்டார்கள். மடியில் தட்டோடு வேனில் தனியாக உட்கார்ந்திருந்த மதுரைவீரன், மனைவி திரும்பாததைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தார். கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று போனைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரும் கூடவே கழுத்தைத் திருப்பினார், எதற்கென்று தெரியவில்லை.

"அக்னி மூலைதான்," என்றார் கடைசியில். மீசை கீழே இறங்கியிருந்தது. "சரி, தட்டை மாத்திக்கலாமா?"

"வேண்டாம்ணே," என்றாள் டெல்பின்.

எனக்கு அவளை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

"கொத்தனார் வந்து பாத்து, மாத்த முடியும்னு சொல்லட்டும். முடியாதுன்னா அப்புறம் என்னைத் திட்டுவீங்க. என் பேச்சை இன்னிக்கு நம்பாதீங்க."

அவளே போன் போட்டு நஸ்ருல்லா பாயை வரவழைத்தாள். வருவதற்குள் நான் எல்லோருக்கும் உப்புமா கிண்டினேன். ஈசானியத்து அடுப்பில்தான். மதுரைவீரன் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நஸ்ருல்லா பாய் சுவரைத் தட்டினார், குழாயைப் பார்த்தார், தண்ணீரை ஊற்றி எங்கே போகிறது என்று பின்பக்கம் போய் நின்று கவனித்தார். "தாராளமா மாத்தலாம். மேடை கட்டி, பொகை போக ஒரு ஓட்டை. அவ்ளோதான்," என்றார்.

தட்டு மாற்றினோம். மாற்றியதும் டெல்பின் ஓரமாக நின்று போனில் ஏதோ அடித்தாள். படம் அனுப்பிய குரூப்பில், அத்தனை பேரும் பார்க்க, எழுதியிருந்தாள். "கே.கே. நகர் வீட்டுப் படம் நான் திருப்பிப் போட்டது. கிச்சன் அந்தப் பக்கம் இல்லை. யாரும் நம்பி வர வேண்டாம். சரியான படம் கீழே." அதற்கு ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டார், ஒருத்தர் "இனிமே உங்க படத்தைக் கண்ணாடி வச்சுத்தான் பார்க்கணும்" என்று போட்டார். அவள் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பால் காய்ச்ச எங்களையும் கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனோம். என் பழைய மாவாட்டுகிற அறையில் கறுப்புக் கல் மேடை பளபளவென்று இருந்தது. பால் பொங்கியது. ராக்கம்மாளின் மகள் ஆஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்து, இலை போட்டு முடிப்பதற்குள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். முசிறியிலிருந்து பாதி ஊர் வந்திருந்தது. ஒவ்வொருத்தரிடமும் மதுரைவீரன் அந்த வேன் கதையைச் சொன்னார், சொல்லச் சொல்ல டெல்பின் வேன் கதவை மறித்து நின்ற நேரம் நீண்டுகொண்டே போனது. அவர் மச்சினர் ஒருத்தர் புத்தூர்ப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தம்மாவைக் கேளுங்க மாப்ள," என்றார் மதுரைவீரன். "ஆனா மொதல்ல சாப்பிட்டு முடிச்சுக்கங்க. வீட்டுல என்னென்ன குத்தம் இருக்குன்னு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும்."

மச்சினர் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. பாயசம் பரிமாறும்போதே டெல்பின் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்துவிட்டார். டெல்பின் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நல்ல வீடுங்க. எதுத்தாப்ல ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கு, மழை வந்தா படபடன்னு வெடிக்கும். மாடிப்படி செங்குத்து. வாசல்ல ஒரு மாடு வந்து படுத்துக்கும், அது யாரோடதுன்னே தெரியாது. இன்னும் இருக்கு, இருங்க, இந்தப் பாயசத்தை முடிச்சுக்கறேன்."